தோலும் நரம்பும் பாலும்

நெடுந்தொலைவு நடந்து களைத்த யானைநிரை, தென்கடலைக் கண்டதும் ஒவ்வொன்றாய் முழந்தாளிட்டுப் படுத்ததே போல, மேற்குமலைத் தொடர் குமரிமுனையை நெருங்குந்தோறும் உயரம் குறைந்து, குன்றுகளாய்ச் சிதறி, பாறைகளாய் முடியும் நாடு அது. அடிவாரத்தில் நாஞ்சில் வயல்கள் குளத்துக்குக் குளம் நீர் கைமாற்றிக் கிடக்கும். அவற்றுக்கு மேலே கீரிப்பாறைச் சரிவுகளில் பால் வெட்டும் ரப்பர் மரங்கள் வரிசை பிழையாது ஏறும். அவற்றையும் கடந்து, முகில்கள் வந்து இளைப்பாறும் உயரத்தில், கிராம்புத் தோட்டங்கள் காட்டோடு காடாய்க் கலந்து மணக்கும். நற்றமிழ் நயம் தேர்ந்த நெஞ்சினீர், அந்நாட்டை நீர் அறிவீராயின், கார்த்திகைத் திங்களின் முற்பகல் வெயில் அம்மலைமேல் எத்துணை மென்மையாய் இறங்கும் என்பதையும் அறிவீர். ஆயினும் இக்கதை தொடங்கும் முற்பகலில், அவ்வெயில் தங்குதற்கு அங்கே ஒரு மரக்கிளையும் நிற்கவில்லை. கடலிலிருந்து எழுந்துவந்த பெருங்காற்று, தலைமுறைகள் கண்ட மரங்களையெல்லாம் ஒரே திசை நோக்கித் தலைசாய்த்துக் கிடத்திவிட்டு, ஏதும் அறியாதது போல் அடங்கிப் போயிருந்தது. வேரோடு பெயர்ந்த மண்ணின் வாடையும், நசுங்கிய கிராம்பிலையின் காரமும், ஊறி அழுகும் மரப்பட்டையின் புளிப்பும் ஒன்றாய்க் கலந்து, மலை முழுதும் திறந்த புண்போல் மணந்தது.

அவ்வீழ்ந்த மரங்களின் நடுவே, காட்டாறு ஒன்றின் அக்கரையில், ஓட்டுக்கூரை வேய்ந்த காவல்வீடு பாதி நசுங்கிப் பாதி நின்றது. கூரைமேல் சாய்ந்த அயினிமரம் அடுக்களையை மண்ணோடு மண்ணாக்கியதோடு, அவ்வேளையில் அங்கே நின்ற முருகதாஸின் இடக்கணைக்காலையும் நொறுக்கியிருந்தது. அவன் அத்தோட்டத்தின் காவலன். தோட்டத்துக்கு உடையவர் நாகர்கோவிலில் வாழ்பவர். கிராம்பு பறிக்கும் பருவமன்றி வேறெவரும் அம்மலைக்கு ஏறுவதில்லை. அவன் மனைவி உலகம்மை, வெட்டுகத்தி ஒன்றே துணையாக, கிளைகளை ஒவ்வொன்றாய்த் தறித்து விலக்கி, அவனை இழுத்துவந்து எஞ்சிய ஓர் அறையில் கிடத்தியிருந்தாள். தவழக் கற்று இன்னும் நிற்கக் கல்லாத அவர்தம் மகள் அபிதா, தந்தையின் முனகலுக்கும் ஆற்றின் முழக்கத்துக்கும் நடுவே, அழுவதா உறங்குவதா என்று தெரியாது கிடந்தாள்.

கீரிப்பாறைக்கு இறங்கும் மண்வழியை மண்சரிவு விழுங்கிவிட்டது. ஆற்றின் குறுக்கே கிடந்த மரப்பாலம் வெள்ளத்தோடு கடலுக்குப் போயிற்று. கைப்பேசியோ, பேசுதற்கு அலையும் இன்றி, ஒளிர்தற்கு ஆற்றலும் இன்றி, ஒரு கருங்கல் துண்டாய்க் கிடந்தது. உலகம்மை நாள்தோறும் ஆற்றங்கரைக்கு ஓடி, தொண்டை கிழியக் கூவினாள். அவள் குரல் பாறைகளில் மோதும் நீரின் முழக்கத்தைத் தாண்டி அக்கரையின் முதல் கல்லைக்கூடத் தொடவில்லை. மலையடிவாரத்து ஊர்களிலும் வீட்டுக்கு வீடு மரம் விழுந்திருக்கும், ஊருக்கு ஊர் அழுகை இருக்கும். மேல்தோட்டத்தில் இருவர் இருந்தார்களே என்று எண்ணிப் பார்க்க எவருக்கு இப்போது பொழுது வாய்க்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள்.

உணவென்று இருந்ததும் ஒவ்வொன்றாய் ஒழிந்தது. அரிசிச்சாக்கு இடிந்த சுவரின்கீழ் ஊறி, பூசணம் பிடித்து, பின் நாறிற்று. அதில் நாறாத பிடியைத் தேடித்தேடிக் கஞ்சி வைத்தாள். பின்புறத்து மரச்சீனி என்னும் மரவள்ளியை, வேலி சாய்ந்த அன்றே காட்டுப்பன்றிகள் வந்து கிழங்கோடு கிளறித் தின்றுவிட்டன. எஞ்சிய வேர்நுனிகளையும் சேம்பின் தண்டுகளையும் வேகவைத்து உண்டாள். அவையும் தீர்ந்தன. அவற்றின்பின் அவள் மார்பில் பால் வற்றியது. பசித்த வாய் பற்றியிழுக்க, ஏதும் வாராது, மகவு முதலில் சினந்து அலறியது, அடுத்து விம்மியது, இறுதியில் அழுதற்கும் வலுவின்றி, தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அவ்வமைதியைத்தான் உலகம்மை அஞ்சினாள்.

அவள் பிறந்தது நாஞ்சில் வயலோரத்தில், தலைமுறை தலைமுறையாய்ப் புலால் மறுத்து வாழ்ந்த ஒரு சிவனடியார் குடியில். மீன்காரி தெருவில் வந்தால் கதவடைக்கும் வீடு அது. முருகதாஸோ, கண்ணி வைத்து விலங்கு பிடித்தவனின் மகன். ஒருகாலத்தில் தானும் பிடித்தவன். அவர்கள் ஒருவரையொருவர் விரும்பி மணந்தபோது, பிறந்த வீடு அவளுக்கு வாயிலை மூடிற்று. அவள் அவனிடம் எந்த உறுதியும் கேட்கவில்லை. ஆயினும் அவன், அவள் அடியெடுத்து வைத்த வீட்டில் குருதியின் மணம் இருத்தலாகாது என்று எண்ணி, இருந்த கண்ணிகளையெல்லாம் ஆற்றில் எறிந்தான். அதுமுதல் அவளுடைய அடுக்களையில் வெந்ததையே தானும் உண்டான். பேசாமல் கொடுத்த அந்தக் கொடையை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

அத்தகையவள், ஒரு காலைப்பொழுதில், அவன் தலைமாட்டில் வந்து அமர்ந்தாள். அவனுடைய கால் முழந்தாள்வரை வீங்கி, நிறம் மாறி, காய்ச்சல் அவன் உடலை அடுப்புக்கல்லாய்ச் சுட்டுக்கொண்டிருந்தது.

"கேட்டேளா, கிராம்புக் காட்டுக்க கீழ்ப்பக்கம் மிளா வந்துட்டுப் போன காலடி கிடக்கு."

மிளா என்று மலைமக்கள் வழங்குவது கடமானை. அவன் கண்ணைத் திறவாமலே சொன்னான்: "கிடந்தாக் கிடக்கட்டு."

"கண்ணி எப்பிடி வைக்கணும்? சொல்லுங்கோ."

இப்போது கண்ணைத் திறந்தான். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? புழுவைக் கண்டா ஒதுங்கிப் போறவ நீ. உனக்க கையால அது வேண்டாம்."

"எனக்கு மாருல பாலு வத்தியாச்சு. பிள்ளை அழக்கூட மாட்டேங்கு. உங்களுக்க காலு நாறத் தொடங்கியாச்சு. இனி இந்தக் கைக்கு எது வேணும், எது வேண்டாம்னு பாத்துட்டா இருக்க?"

அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். பின்னர், கூரையைப் பார்த்தபடியே, சாய்ந்த வேலியின் கம்பியை எவ்வாறு அறுப்பது, எங்கே முடிச்சிடுவது, மனித வாடை போக அதன்மேல் ஆற்றுச்சேற்றை எவ்வாறு பூசுவது என்று, ஒரு நோயாளி தன் நோயைச் சொல்வது போலச் சொன்னான். சொல்லி முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய தோள்கள் குலுங்குவதை அவள் கண்டாள்; காணாதவள் போல் எழுந்து போனாள்.

விழுந்த இரு பெருமரங்களின் நடுவே, விலங்குகள் நுழைந்து போகும்படி ஓர் இடுக்கு இருந்தது. அங்கே அவள் கண்ணி வைத்தாள். முதல்முறை அது வெறுமையாய்க் கிடந்தது. மறுமுறை ஏதோ ஒன்று கம்பியைத் தட்டிவிட்டுத் தப்பிப் போயிருந்தது. அதற்கடுத்த காலையில், ஆற்றின் முழக்கத்தோடு வேறோர் ஓசையும் கலந்து கேட்டது. கிளைகள் முறியும் ஓசை, குளம்புகள் மண்ணை உதைக்கும் ஓசை. மகவைத் தந்தையின் அருகே கிடத்திவிட்டு, வெட்டுகத்தியோடு ஓடினாள்.

கழுத்தில் சுருக்கு இறுகி, முன்கால்களை மடித்து, பிணைமான் ஒன்று நின்றது. அவள் அருகே வர, அது திமிறுவதை விட்டது. களைப்பால் விட்டதோ, அச்சத்தால் விட்டதோ; அவளை நேரே நோக்கிற்று. ஈரம் ததும்பிய அந்தக் கரிய விழிகளில் உலகம்மை தன் உருவத்தைக் கண்டாள்: சடைபிடித்த கூந்தல், ஒட்டிய கன்னம், ஓங்கிய கை. அவளுடைய கை தாழ்ந்தது. திரும்பிவிடலாம், சுருக்கை அவிழ்த்துவிடலாம் என்று கால்கள் சொல்லின. அந்த நொடியில், தந்தையின் அருகே அழாமல் கிடக்கும் மகவின் முகம் அவள் முன்னே நின்றது.

"எனக்கொரு பிள்ளை உண்டும்மா," என்றாள் மானிடம். "பொறுத்துக்க."

ஒரே வீச்சில் முடியவில்லை. எத்தனை வீச்சென்று சொல்லுதல் இக்கதைக்கு வேண்டுவதன்று. முடிந்தபோது அவள் முழங்கைவரை நனைந்து, மண்ணில் அமர்ந்து, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தாள் என்பது போதும். பின்பு எழுந்து, உடலைப் புரட்டும்பொருட்டு அதன் பின்னங்காலைப் பற்றித் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பிணையின் மடி பால் கட்டிப் பருத்திருந்தது. காம்பின் நுனியில் வெள்ளைத் துளி ஒன்று திரண்டு, தயங்கி, உதிர்ந்தது.

எனக்கொரு பிள்ளை உண்டு என்று அவள் சொன்ன சொல்லை, அந்தப் பிணையும் சொல்லியிருக்கும். சொல்ல அதற்கு மொழி இல்லை. உலகம்மை தலையிலடித்துக்கொண்டு ஓலமிட்டாள். ஆனால் ஓலமிடும்போதே, பால் ஆறிப்போகுமே, உறைந்துபோகுமே என்ற எண்ணம் அவளைக் குத்திற்று. ஓடிச்சென்று தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கொணர்ந்தாள். ஊரில் பசு கறந்த விரல்கள் அவை, கறக்க மறக்கவில்லை. உயிர் நீங்கிய உடலிலிருந்து, இன்னும் இளஞ்சூடு மாறாத பால், முதலில் தாரையாகவும் பின் துளியாகவும் சிரட்டையில் இறங்கியது. அதை அடுப்பில் காய்ச்சி, ஆற்றி, துணித்திரியில் நனைத்து மகவின் வாயில் வைத்தாள். மகவு சுவைத்தது; முகம் சுளித்தது; மறுபடியும் வாய் திறந்தது. சிரட்டை காலியானபோது, பலநாள் கேட்காத ஓர் அழுகுரல் அவ்வீட்டில் எழுந்தது. இன்னும் வேண்டும் என்னும் அழுகை அது. முருகதாஸும் அழுதான்.

அன்றே உலகம்மை ஒரு முடிவுக்கு வந்தாள். வேட்டைக்காரர் போல் தொடையை அறுத்துக்கொண்டு மற்றதை நரிக்கு எறிந்துவிடுதல் தன்னால் இயலாது. கொன்றது ஒருமுறை, அழுகவிட்டால் அது மறுமுறை கொன்றதாகும். ஆகவே அந்த உடலில் ஒரு மயிரும் வீண்போதலாகாது. இவ்வறிவு அவளுக்கு எவரும் புகட்டியதன்று. நாணமும் பசியும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. ஈரல் முதலில் கணவனுக்காயிற்று. தசையைக் கீற்றுக் கீற்றாய் அரிந்து, கிராம்பு விறகின் புகையில் தொங்கவிட்டாள். ஈக்கள் அண்டாதபடி காத்தது அந்தக் காரப்புகை. குருதியையும் விடவில்லை, சேம்பிலையோடு கலந்து வேகவைத்தாள். இரைப்பையை ஆற்றில் மறுபடி மறுபடி அலசி, நீர் கொணரும் பையாக்கினாள். உடைந்த குடங்களுக்கு அது ஈடாயிற்று. குளம்புகளையும் மூட்டுகளையும் பொழுதெல்லாம் கொதிக்கவிட, அவை பசைபோல் கரைந்து கஞ்சியாயின. கொழுப்பை உருக்கிச் சிரட்டையில் ஊற்றித் திரியிட்டாள்; எஞ்சியதை, வெடித்துப் புண்ணான தன் கைகளிலும் மகவின் தொடையிடுக்கிலும் தடவினாள்.

உண்ணும் வேளையில்தான் அவள் தோற்றாள். முதல் கவளம் தொண்டைவரை போய்த் திரும்பிற்று. வெளியே ஓடிக் கக்கினாள். வாய் கழுவி வந்து மீண்டும் அமர்ந்தாள், மீண்டும் கக்கினாள். முருகதாஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் உலகு. நீ தின்னாண்டாம்."

"நான் தின்னாத்தான் அவளுக்குப் பாலு," என்று சொல்லிவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, தன் தாயின் பூசையறையையும் அதன் திருநீற்று மணத்தையும் நெஞ்சிலிருந்து ஒருகையால் தள்ளி, மறுகையால் கவளத்தை வாயிலிட்டு விழுங்கினாள். இம்முறை அது தங்கியது. சில நாள்களில் மார்பு நனைந்தது. அப்பாலை மகவு பருகும்போது, இது என் பால்தானா, அந்தப் பிணையின் பால்தானா என்று அவள் திகைத்தாள்.

கணவனின் கால்தான் அவளை மேலும் அச்சுறுத்தியது. நொறுங்கிய எலும்பு அசையுந்தோறும் அவன் நினைவிழந்தான். மரக்கிளைகளை வைத்துக் கட்டினாள், கயிறு நெகிழ்ந்தது. அப்போது பிணையின் கணைக்கால் எலும்புகள் அவள் கண்ணில் பட்டன: நீண்டவை, நேரானவை, வழுவழுப்பானவை. அவற்றை அவன் காலின் இருபுறமும் வைத்து, முதுகுத்தண்டை ஒட்டி உரித்தெடுத்த நரம்பால் சுற்றினாள். காயுந்தோறும் இறுகும் அந்த நரம்பை, வீக்கம் ஏறும்போதெல்லாம் அவிழ்த்துத் தளர்த்தி மறுபடியும் கட்டினாள். காலின்கீழ் மெத்தென்று இருக்க, பிணையின் தலைத்தோலிலும் கால்தோலிலும் கழித்த மயிரைத் துணிப்பையில் அடைத்து வைத்தாள். உடல்தோலை மட்டும் மயிரோடு விரித்து, கூரையின் பிளவில் கட்டினாள். மழை உள்ளே வருவது நின்றது. இவ்வாறு, ஒரு விலங்கின் உடல் அவ்வீட்டில் உணவாயும் விளக்காயும் கலமாயும் மருந்தாயும் கூரையாயும் பரந்து, வீடே அதன் உள்ளுறுப்பு போலாயிற்று.

ஒருநாள் காலையில் உலகம்மை கதவைத் திறக்க, முற்றத்தில் ஒரு கன்று நின்றது. முதுகெலும்பு புடைத்து, வயிறு ஒட்டி, நீண்ட கால்கள் நடுங்க நின்ற அக்கன்று, அவளைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, மூக்கை உயர்த்தி, கூரையின் பிளவில் கட்டியிருந்த தோலையே பார்த்தது. மெல்லக் கனைத்தது. விடைக்குக் காத்து நின்றது. மீண்டும் கனைத்தது.

உள்ளிருந்து முருகதாஸின் குரல் வந்தது, தாழ்ந்து, காய்ச்சலில் நடுங்கி: "அதுக்க குட்டியில்லா நிக்கி? ஏட்டி, இறைச்சி இன்னும் எத்தனை நாளைக்கு வரும்? பாதி பூசணம் பூத்தாச்சு. கண்ணி அங்ஙன தானே கிடக்கு. பைய ஓட்டிக்கொண்டு போனா, தானா போய் விழும்."

அவன் கொடியவன் அல்லன் என்பதை நீர் அறிவீர். அவன் பேசியது தனக்காகவும் அன்று. உலகம்மை வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கன்று துள்ளி விலகி, மரங்களின் நடுவே மறைந்தது. அது போன திசையில் அவளும் போனாள். முருகதாஸ் செவிகளைக் கூர்ந்து, ஒரு கதறலை எதிர்பார்த்து, அதைக் கேளாதிருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டு கிடந்தான். கதறல் எழவில்லை. அவள் திரும்பி வந்தபோது, கையில் சுருளாய்ச் சுற்றிய கம்பி இருந்தது. கண்ணியை அவள் அடியோடு அறுத்துவிட்டிருந்தாள்.

"உலகு, பசிச்சுச் சாவோம்."

"சாவோம். ஆனா அது வேண்டாம்," என்றாள். பின்பு கூரையை நிமிர்ந்து பார்த்து, "இங்ஙன கிடந்து சாவாண்டாம். இண்ணைக்கு இறங்குவோம். ஆறு கொஞ்சம் தாந்திருக்கு. மேல போய் நிக்கையில அக்கரையில மரம் அறுக்குத சத்தம் கேட்டுது," என்றாள்.

தோலைக் கூரையிலிருந்து அவிழ்த்தாள். காய்ந்து விறைத்த அதை, பிணையின் மூளையும் வெந்நீரும் கலந்து தேய்த்து இளக்கினாள். அம்மூளையையும் வீணாக்காது புகையில் உலர்த்தி வைத்திருந்தாள். கழுத்துப்புறம் முன்னாக, மயிர்ப்புறம் கீழாக விரித்து, அதன்மேல் கணவனைப் புரட்டிக் கிடத்தி, குடலை முறுக்கித் திரித்த கயிற்றால் ஓரங்களை அவனோடு சேர்த்துக் கட்டினாள். மயிர் பின்னோக்கிப் படிந்திருந்தமையால், தோல் ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு வந்தது. மகவை முதுகில் துணியால் பிணைத்தாள். கண்ணிக் கம்பியைத் தோலின் முன்னோரத்தில் கோத்துத் தோளில் சுற்றி, முன்னோக்கிச் சாய்ந்து, இழுத்தாள்.

அந்த இறக்கத்தை எவ்வாறு உரைப்பது! விழுந்த மரங்களுக்கு மேலேறும் இடத்தில் அவனுடைய தலையைத் தாங்கித் தூக்கினாள். சேறு புதையும் இடத்தில் இடுப்பளவு இறங்கித் தள்ளினாள். சரிவு செங்குத்தான இடத்தில் தோலுக்குப் பின்னே சென்று, கம்பியைப் பாறையில் சுற்றிப் பிடித்து, விரல்கள் அறுபடச் சிறிது சிறிதாய் விட்டு இறக்கினாள். வலி தாங்காது அவன் கத்தியபோது, "கத்துங்கோ, கத்துங்கோ, அக்கரையில கேக்கட்டு," என்றாள். இளைப்பாற அமர்ந்த ஓர் இடத்தில், பின்னே சருகு மிதிபடும் ஓசை கேட்டுத் திரும்பினாள். கன்று வந்துகொண்டிருந்தது. தோல் உராய்ந்து வந்த தடத்தில் மூக்கை வைத்து, மண்ணை முகர்ந்து முகர்ந்து, ஒவ்வோர் அடியாய் வந்துகொண்டிருந்தது. அவள் கல்லெடுத்து எறிவதுபோல் கையை ஓங்கினாள். அது நின்றது. அவள் இழுக்கத் தொடங்கியதும் மீண்டும் பின்தொடர்ந்தது. அதன்பின் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆற்றங்கரையை அடைந்தபோது, அக்கரையில் உண்மையாகவே மாந்தர் இருந்தனர்: வழியை அடைத்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்த தொழிலாளரும், அவர்களோடு நின்ற காட்டுக்காவலர் சிலரும். அவர்கள் அவளைக் கண்டு ஆரவாரித்தனர். வடம் கட்டி, இடுப்பளவு நீரில் ஒருவர்பின் ஒருவராய் இறங்கி வந்தனர். முருகதாஸை வேறெதிலும் மாற்றுதற்குப் பொழுதில்லை. தோலின் நான்கு முனைகளையும் நால்வர் பற்றி, தொட்டில்போல் தலைக்குமேல் தூக்கி ஆற்றைக் கடத்தினர். அவர்களுள் ஒருவன் டெனிஷ் என்னும் இளங்காவலன். நடு ஆற்றில், தன் விரல்கள் இறுகப் பற்றியிருப்பது என்ன தோல் என்று அவன் கண்டுகொண்டான். விடவில்லை; அக்கரை சேரும்வரை வாயும் திறக்கவில்லை.

கரையேறியதும் அவளைச் சற்றே ஒதுக்கி அழைத்தான். "யம்மா, இது மிளாத்தோலுல்லா?"

"ஆமா."

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "செந்நாய் அடிச்சுப்போட்டுக் கிடந்ததை எடுத்தோம்னு சொல்லுங்க. அது போதும். மத்ததை நான் பாத்துக்கிடுவேன். வழக்குண்ணு வந்தா லேசுல விடாது, கேட்டியளா?"

தப்பிக்கும் வழி அவள் முன்னே அகலத் திறந்து கிடந்தது. ஓர் ஆம் என்னும் சொல்தான் வேண்டும். தரையில் கிடந்த முருகதாஸ் அதைக் கேட்டுவிட்டு, "ஐயா, கண்ணி வச்சது நானாக்கும்," என்று முனகினான்.

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்றாள் உலகம்மை, பலநாளுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்புப் போன்ற ஒன்று தோன்றி மறைந்தது. பின்பு காவலனை நோக்கினாள். "செந்நாய் அடிக்கல்ல மக்கா. கண்ணி வச்சது நான். வெட்டினது நான். சாவையில அது என்னைத்தான் பாத்துட்டு நிண்ணுது. அதை நாய் தின்னிச்சுண்ணு நான் எப்பிடிச் சொல்லுவேன்? நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க. ஆனா அதுக்க குட்டி அக்கரையில நிக்கி. அதை மட்டும் பாத்துக்கிடுங்க."

டெனிஷ் திரும்பினான். நீரோரத்துப் பாறையில், முன்கால்கள் நனைய, கன்று நின்றது. மருத்துவ ஊர்தி ஏறும்பொருட்டு முருகதாஸைத் துணிப்படுக்கைக்கு மாற்றினர். வெறுமையான தோலை ஒருவர் சுருட்டினார். அதைக் கண்டுதானோ, வாடை காற்றில் சென்றுதானோ, கன்று ஒருமுறை குரலெடுத்துக் கதறிற்று. ஆறு அக்குரலை விழுங்கிற்று. டெனிஷும் இன்னொருவரும் வடத்தைப் பிடித்து மீண்டும் ஆற்றில் இறங்கினர். அவர்கள் பாதி கடக்குமுன் அது திகைத்து, திரும்பி, வீழ்ந்த மரங்களின் இருளுக்குள் பாய்ந்து மறைந்தது.

முருகதாஸ் பிழைத்தான், முழந்தாளுக்குக் கீழே கால் பிழைக்கவில்லை. எலும்பை அசையாமல் கட்டியிருந்தமையால்தான் முழந்தாளாவது எஞ்சிற்று என்று மருத்துவர் சொன்னார். எதைக்கொண்டு கட்டினாள் என்று கேட்டவர், விடையைக் கேட்டபின் அவ்வெலும்புகளைக் கையிலெடுத்துப் பார்த்தார். தக்கலையில் ஒரு கடைக்குக் காவலிருந்து அவன் இப்போது வாழ்கிறான். அபிதா ஓடித் திரிகிறாள். உலகம்மையின் அடுக்களையில் மீண்டும் புலால் புகுந்ததில்லை. எவரேனும் அவளைத் தூயவள் என்று புகழ்ந்தால் எழுந்து போய்விடுவாள். வழக்கு இன்னும் நடக்கிறது. சுருட்டிய தோல் அரசின் அறையொன்றில் சான்றாய்க் கிடக்கிறது. அழைக்கும்போதெல்லாம் அவள் போய் நிற்கிறாள். கொன்றாயா என்றால், ஆம் என்கிறாள்.

அவ்வாறு போன ஒரு நாளில், வழக்குமன்றத்து வேப்பமரத்தடியில் டெனிஷ் எதிர்ப்பட்டான். உலகம்மை அவன் அருகே சென்று நின்றாள். மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"அதுக்க குட்டியப் பெறகு பாத்தியளா?"

"பாத்தேம்மா," என்றான் அவன், விரைந்து. "நல்லா வளந்தாச்சு. மத்த மிளாக் கூட்டத்தோட நிக்கி. நானே பாத்தேன்."

அவள் அவன் முகத்தை நோக்கினாள். அவன் வேப்பமரத்தின் உச்சியை நோக்கினான். அன்று ஆற்றங்கரையில் அவன் நீட்டிய பொய்யைத் தயங்காது மறுத்தவள் அவள். அது அவளைக் காக்க வந்த பொய். இன்று அவன் நீட்டியது பொய்யோ மெய்யோ, அவள் அறியாள். எந்தக் காட்டில், எந்தச் சரிவில், எப்போது என்று இன்னுமொரு வினா கேட்டால் போதும், அறிந்துவிடலாம். அவள் வாய் திறந்தாள்; மூடினாள். கண்கள் நிறைய, தலையை மட்டும் அசைத்தாள்.

உயிர் வாழும்பொருட்டு ஓர் உயிரைக் கொள்வோர், அதன் தோலையும் எலும்பையும் நரம்பையும் வீணாக்காது பயன்கொள்ளுதல் கைகளால் ஆகும். கொண்டதன்பின் எஞ்சி நிற்கும் ஒரு வினாவை என்செய்வது என்பதைக் கைகள் அறியா. அதை நெஞ்சுதான், வாழ்நாள் முழுதும், ஆற்றுதற்கு வழியின்றிச் சுமக்கவேண்டும். மன்றத்தின் உள்ளிருந்து அவள் பெயரைக் கூவி அழைத்தனர். உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஆம் என்று சொல்லுதற்கு உள்ளே போனாள்.